விலையும் நோக்கும்: கே. சி. எஸ். பணிக்கரின் எழுத்தோவியங்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

முன்னுரை

தாமிரபரணி கடலை நெருங்குமிடத்து அதன் கரையில் அமைந்த ஊர்களுள் ஏரலும் ஒன்று. பாண்டியர்தம் பழந்துறையாகிய கொற்கை அதற்கு அண்மையில் உள்ளது. ஆற்றை எதிர்த்து மேற்கே செல்வார்க்கு ஆழ்வார்திருநகரியும் திருவைகுண்டமும் ஆதிச்சநல்லூரும் வரும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் இப்பகுதியில் பெய்த பெருமழையைத் தென்பாண்டி நாட்டார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரலில் ஆற்றுநீர் கடைத்தெருவிலும் இல்லங்களிலும் புகுந்து நின்றது.

வெள்ளம் வடிந்த பின்னர் அவ்வூரிலுள்ள எம் பெரியம்மையாரைக் காணச் சென்றிருந்தோம். மறைந்த பெரியப்பா பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராய் இருந்தவர். அவர் தகரப்பெட்டி ஒன்றில் சேர்த்து வைத்திருந்த தாள்கள் யாவும் நனைந்து கிடந்தன. ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் அச்சான சிற்றிதழ்கள் சில. பெரியப்பா இந்திய மையால் தம் கைப்பட வரைந்த தாள்கள் பல. ஊற்றுப்பேனாவால் எழுதிய குறிப்பேடுகள் இரண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திண்ணையில் உலர்த்தியபொழுது ஒன்று கண்டோம். இந்திய மை உலர்ந்தபின் நீரில் கரைவதில்லை. ஆதலின் ஓவியக் கோடுகள் அவ்வாறே நின்றன. பேனா மையோ கரைந்து பரவியிருந்தது. குறிப்பேட்டின் வரிகள் வரிகளாகத் தோன்றியும் படிக்கவியலாத நீல நிழல்களாயின. அருகிலிருந்த பெரியம்மையார், ஓவியங்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் செய்தியை நாளிதழில் கண்டவர், "ஏ ஐயா, இந்தத் தாளுக்கெல்லாம் யாரும் ரூவா குடுப்பாவளா?" என்று வினவினார்.

அவ்வினாவிற்கு அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்க்கையில், அதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியிருத்தல் புலனாயிற்று. இத்தாள் எவ்வளவு பெறும் என்பது ஒன்று. இத்தாளில் என்ன உள்ளது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை தருவோர் ஏல நிறுவனத்தார். பின்னதற்கு விடை தரவேண்டியவர் திறனாய்வாளர். தமிழில் நவீன ஓவியத்தைப் பொறுத்தவரை பின்னைய வினாவை நாம் பெரும்பாலும் கேளாது விட்டமையால், முன்னையதன் விடையே இரண்டிற்கும் விடையாக நின்றுவிட்டது. அருவ ஓவியம் வரைந்த தாள்களை ஆராய்வதற்குரிய கருவிகள் நம் இலக்கண, இலக்கிய மரபிலேயே உள என்பதையும், அவற்றைக் கொண்டு மதிப்பிடுதல் தமிழாய்வாளர்க்கு உரிய பணியே என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்பொருள் ஒன்றின் உருவைக் காட்ட முற்படாது, கோடு, நிறம், வடிவு ஆகியவற்றையே பொருளாகக் கொண்ட ஓவியத்தை ஈண்டு அருவ ஓவியம் என்போம். தாளின்மேல் மையாலோ நீர்வண்ணத்தாலோ பிறவற்றாலோ ஆக்கப்பட்டதனைத் தாள்வரைவு என்று வழங்குவோம்.

ஏலப் பட்டியலும் ஏட்டு விளக்கமும்

கிறிஸ்டீஸ் என்னும் ஏல நிறுவனம் இந்தியாவில் தன் முதல் ஏலத்தை 2013 டிசம்பர் 19இல் மும்பையில் நடத்திற்று. வி. எஸ். கெய்தொண்டே (1924–2001) 1979இல் வரைந்த எண்ணெய்வண்ண ஓவியம் ஒன்று அன்று ஏறத்தாழ 23.7 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. தம் ஓவியத்தை அருவ ஓவியம் என்று பிறர் கூறுதலை அவர் ஏலார். பொருள்சாரா ஓவியம் என்றே குறிப்பார். அவர் 1980களின் நடுப்பகுதியில் தாளின்மேல் மையால் சிறு வரைவுகளும் செய்தார். அவற்றுட் பல எழுத்துப்போலும் குறிகளால் ஆனவை. சென்னை ஓவியர்களாகிய பணிக்கர், ஆதிமூலம் முதலியோரின் தாள்வரைவுகளும் இத்தகைய ஏலங்களுக்கு வந்துள்ளன. ஒருவரே வரைந்தனவாயினும், தாள்வரைவு கித்தான் ஓவியத்தினும் குறைந்த விலை பெறுதலே பெரும்பான்மை. தாள் எளிதில் கெடும், பெரும்பாலும் அளவிற் சிறியது, எண்ணிக்கையில் மிக்கது, பெரிய ஓவியத்திற்கு முன்னோடியான பயிற்சி என்று கருதப்படுவதும் உண்டு. இவை அதற்குக் காரணங்களாகும்.

ஏல நிறுவனம் வெளியிடும் பட்டியலைத் தமிழாய்வாளர் ஒருவர் புரட்டுவாராயின் அது தமக்கு முற்றிலும் அயலானதன்று என்பதை உணர்வர். ஓவியர் பெயர், ஓவியத்தின் பெயர், வரைந்த பொருள், நீள அகலம், ஆண்டு, கையொப்பம் உள்ள இடம், தாளின் நிலை, முன்னர் யார் யாரிடம் இருந்தது, எந்நூலில் அச்சாயிற்று என்பன அதில் முறையாகக் குறிக்கப்படும். நம் ஏட்டுச்சுவடி விளக்கங்கள் செய்வதும் இதுவே. நூற்பெயர், ஏட்டின் எண்ணிக்கை, பக்கத்திற்கு இத்தனை வரி என்பது, முறிவு, சிதைவு, செல்லரிப்பு, சுவடிக்கு உரியவர் பெயர் ஆகியவற்றை அவையும் தருகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோர் பெயரையும் ஊரையும் நன்றியுடன் குறித்துள்ளமை யாவரும் அறிந்ததே.

எனினும் இவ்விரு விளக்கங்களும் சென்று முடியுமிடம் வேறு. ஏட்டு விளக்கம் பதிப்பை நோக்கிச் செல்லும்; பதிப்பு உரையை நோக்கிச் செல்லும்; உரை கற்போர் அனைவர்க்கும் பொதுவாகும். ஏலப் பட்டியலோ ஒரு தொகையை நோக்கிச் செல்லும். ஏலத்திற்கு முன் மதிப்பீடாக இரு தொகைகள் குறிக்கப்படும். அவற்றினும் குறைந்து விற்பதற்கில்லை என்று உடையவர் மறைவாக வரையறுத்த தொகை ஒன்றும் இருக்கலாம். கேட்போர் இருவர் விடாது போட்டியிடின் தொகை ஏறும்; ஒருவரேயாயின் ஏறாது. ஆகவே ஏலத்தின் இறுதித் தொகை, அன்றைய நாளில், அவ்வவையில், அத்தாளை விரும்பிய இருவரின் ஆற்றலையும் அவாவையும் அளக்கும் அளவுகோல். அது பொய்யான அளவுகோல் என்று யாம் கூறவில்லை. அது அளப்பது இன்னது என்பதை மறந்து, ஓவியத்தின் தகுதியையே அது அளந்தது எனக் கொள்வதுதான் பிழை.

எழுத்தும் ஓவியமும்

நம் மொழியில் எழுதுதல் என்னும் சொல் பண்டு ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. சங்கப் பாடல்களில் பாவையையும் ஓவத்தையும் எழுதினர் என்றே கூறுவர். இவ்வாறு வரிவடிவும் உருவ வடிவும் ஒரே வினையால் பிறப்பனவாகக் கருதப்பட்டமை எண்ணத்தக்கது.

தாமிரபரணிக் கரையில் இவ்வுறவிற்கு மிகப் பழைய சான்றுகள் மண்ணினின்றும் வெளிப்பட்டுள்ளன. கொற்கையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69இல் நிகழ்த்திய அகழாய்விலும், ஏரல் வட்டாரத்துச் சிவகளையில் 2020 முதல் நிகழ்ந்த அகழாய்விலும் கீறல்குறிகள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அவற்றோடு வந்தன. எழுத்துப் பொறித்த ஓட்டை நாம் படிக்கிறோம். குறி பொறித்த ஓட்டைப் பார்க்கிறோம். அக்குறி உடையவர் அடையாளமா, குலக்குறியா, எழுத்தின் முன்னிலையா என்பது குறித்து அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சி எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு: படிக்கவியலவில்லை என்னும் காரணத்தால் அவ்வோடுகளை எவரும் எறிந்துவிடவில்லை. கையொன்று கருதிக் கீறியது என்னும் உறுதியே அவற்றை நம்மைக் கொண்டு மீண்டும் மீண்டும் நோக்கச் செய்கின்றது.

எழுத்தைக் கொண்டே ஓவியம் சமைக்கும் முறையும் தமிழில் உண்டு. அது சித்திரகவி. தண்டியலங்காரம் சொல்லணியியலில் அதனை விளக்கும். ஆழ்வார்திருநகரியினராகிய திருக்குருகைப்பெருமாள் கவிராயர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய மாறனலங்காரமும் அதனை விரிவாக எடுத்தோதும். நாகபந்தத்தில் பாம்புகள் பின்னிச் சந்திக்கும் அறைகளில் ஓரெழுத்தே இரு வரிக்கும் பொதுவாய் நிற்கும். சக்கரபந்தத்தில் குடத்தில் நிற்கும் எழுத்து ஆரங்கள் எல்லாவற்றிற்கும் உரியதாகும். ஓரெழுத்தை இடம் பெயர்ப்பின் பாட்டும் கெடும், படமும் கெடும். இங்கு எழுத்து தன் பொருளைக் கைவிடாமலே ஓவியத்துள் நுழைகின்றது.

இதற்கு நேர் எதிரான செயலைச் செய்தவர் பணிக்கர்.

சொற்களும் குறியீடுகளும்

கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் தந்தித் துறையில் பணிபுரிந்து, பின்னர்ச் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்றார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாம் பயின்ற பள்ளிக்கே 1957 முதல் 1967 வரை முதல்வராய் விளங்கினார். 1966இல் மாணவர்களும் உடன்பணியாற்றியோருமாகிய ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு ஓவியர் தம் ஓவியத்தை விலைக்கு அடிமைப்படுத்தாது வாழலாம் என்பது அவ்வூரின் அடிப்படைக் கருத்து. துணியில் மெழுகுச் சாயவேலை முதலியன செய்து விற்றே அவர்கள் நிலைபெற்றனர். அத்தகையோர் ஆக்கிய தாள்களே பின்னாளில் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கப்படுகின்றன என்பதை வரலாற்றின் முரண் என்று கொள்ளலாம். பணிக்கர் 1977இல் மறைந்தார்.

இளமையில் அவர் நீர்வண்ணத்தால் நிலக்காட்சிகளைத் தாளில் தீட்டியவர். 1963 அளவில் தொடங்கிய வரிசைக்குச் 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயர். மாணவர் ஒருவரின் பாடக் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் கோட்டுப்படங்களும் விரவிக் கிடந்த பக்கமே இதற்குத் தூண்டுதல் என்பர். இவ்வரிசையிற் பெரும்பாலானவை தோற்றத்தில் ஓர் ஏட்டையோ கணக்கேட்டையோ ஒக்கும். மேலிருந்து கீழாக நெருங்கிய வரிகள். அவ்வரிகளில் மலையாள எழுத்தின் வளைவுகளைப் பெரிதும் ஒத்தும் எவ்வெழுத்தும் ஆகாத வடிவுகள். இடையிடையே எண்கள், கட்டங்கள், முக்கோணங்கள், அம்புக்குறிகள். சாதகத்தின் இராசிக் கட்டம் போன்ற சதுரங்கள். ஒரு பறவை, ஒரு மீன், ஒரு பாம்பு.

இத்தகைய ஓவியத்தின் முன் நிற்பார்க்கு முதலில் நிகழ்வது யாது? கண் தன் பழக்கத்தால் இடமிருந்து வலமாகப் படிக்கத் தொடங்குகின்றது. இரண்டு மூன்று குறிகளைக் கடந்ததும் படிப்புத் தடைப்படுகின்றது. தடைப்பட்ட கண் விலகிச் செல்லாமல் அதே வரியில் தங்கி, எழுத்தின் சுழிப்பையும் தடிப்பையும் அடர்த்தியையும் பார்க்கத் தலைப்படுகின்றது. எழுத்தைக் கற்ற நாளிலிருந்து நாம் அதன் உடலைக் கண்டதில்லை. அதனூடே பொருளைத்தான் கண்டு வந்தோம். பொருளை நீக்கியதனால் எழுத்தின் உடலை நமக்கு மீட்டுத் தருகின்றார் பணிக்கர். சித்திரகவியில் எழுத்துப் பொருளோடு ஓவியம் புகுந்தது. இங்கு ஓவியம் எழுத்தின் உடலை மட்டும் வாங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே நிலத்தின் இரு கரைகள் என்க.

"படிக்கவியலாத எழுத்தை எழுதிக் காட்டுதல் ஏமாற்று அன்றோ?" என்று வினவுவார் உளர். இவ்வினாவிற்கு விடைகாண நெடுநல்வாடை நமக்குத் துணைசெய்யும். தலைவனைப் பிரிந்து கட்டிலிற் கிடக்கும் அரசி, மேற்கட்டியில் தீட்டப்பட்ட ஓவியத்தை நோக்குகின்றாள். மேடம் முதலாய இராசிகளும் ஞாயிறும் திங்களும் அதில் எழுதப்பட்டுள. அவள் வானநூல் கற்கும் விருப்பினளாய் அதனை நோக்கவில்லை. திங்களைப் பிரியாது நிற்கும் உரோகிணியின்மேல் மட்டுமே அவள் கண் தங்குகின்றது, பெருமூச்செறிகின்றாள். ஓவியத்தில் எழுதப்பட்ட செய்தி ஒன்று. அவள் பெற்ற உணர்வு மற்றொன்று. குறியும் காண்பாரின் நெஞ்சநிலையும் சந்திக்கும் இடத்தில் ஓவியத்தின் பொருள் பிறக்கின்றது என்பதை நக்கீரர் அக்காட்சியால் உணர்த்திவிட்டார்.

பணிக்கரின் இராசிக் கட்டங்களை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. சாதகக் கட்டம் நம் நாட்டில் எவர் இல்லத்திலும் பேழையுள் இருப்பது. அச்சத்தோடும் நம்பிக்கையோடும் எடுத்துப் பார்க்கப்படுவது. அதனைப் படிக்கத் தெரிந்தார் சிலர். அதன்முன் கவலையோடு அமர்ந்தார் பலர். பணிக்கர் கட்டத்தினுள் இருந்த கோள்களை நீக்கிவிட்டு, அதன் முன் அமரும் கவலையை மட்டும் நிறுத்தினார். அக்கவலை பொய்யன்று, ஆதலின் அக்கட்டமும் ஏமாற்றன்று.

நோக்கு என்னும் அளவுகோல்

இனி, இவ்வகை ஓவியத்துள் நல்லதனையும் அல்லதனையும் பிரித்தறிவது எங்ஙனம்? தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் நோக்கு என்பதும் ஒன்று. மாத்திரை முதலாக அடி ஈறாக எவ்வுறுப்பும் வறிதே கழியாமல், கேட்போர் மீண்டும் நோக்கிப் பொருள்கொள்ளுமாறு செய்யுள் அமைந்திருத்தலை அது குறிக்கும். சொல்லின் பொருளிலிருந்து தொடங்காது, மாத்திரை என்னும் ஒலியளவிலிருந்து நோக்குத் தொடங்குகின்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பொருள் தோன்றுதற்கு முன்னரே அமைப்புத் தோன்றுகின்றது என்பதை ஆசிரியர் உடன்பட்டார் ஆதலின், நோக்கினை அருவ ஓவியத்திற்கும் அளவுகோலாகக் கொள்ளுதல் வலிந்து பொருத்துவது ஆகாது.

இதனைப் பணிக்கரின் வரிசையில் வைத்து ஆராயும்பொழுது தரவேறுபாடு புலப்படுகின்றது. சிறந்தனவற்றில் ஒரு குறியை மறைத்துப் பார்த்தால் அதனைச் சூழ்ந்த வெளி சரிகின்றது. நெருங்கிய வரிகளின் சுமையை ஒரு தனிப் பறவையோ வெற்றுச் சதுரமோ தாங்கி நிற்றலைக் காணலாம். வரியின் அடர்த்தி குறையுமிடத்தில் கண் மூச்சுவிடுகின்றது. மீண்டும் அடருமிடத்தில் தடைப்படுகின்றது. இவற்றில் நோக்கு உண்டு. வேறு சிலவற்றிலோ குறிகள் ஒப்பனையாய் நின்றுவிடுகின்றன. ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பினும் இழப்பில்லை. தாம் கண்ட வழியைத் தாமே மிகுதியும் நடந்து தேய்த்தமையின் விளைவு இது. பொருளைப் படத்திற்குப் பலியிட்ட சித்திரகவிகள் வெறும் விரகாய் முடிந்தமை போல, தேவையைப் பழக்கத்திற்குப் பலியிட்ட குறிகளும் வெறும் கோலமாய் முடிந்தன. இவ்வேறுபாட்டை ஏலத்தொகை காட்டாது. வரிசையின் பெயரும் கையொப்பமும் ஆண்டும் ஒத்திருப்பின், நோக்குடையதும் அஃதற்றதும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்.

புனையா ஓவியம்

வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்பதனைப் புனையா ஓவியம் என்பது பழந்தமிழ் வழக்கு. அணி களைந்து நிற்கும் அரசிக்கு அதனையே நெடுநல்வாடை உவமையாக்கிற்று. தமிழகத்தில் அச்சொல்லுக்கு இக்கால எடுத்துக்காட்டு வேண்டுமாயின் ஆதிமூலத்தைக் காட்டலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஐ ஒட்டி அடிகளை மையக் கோடுகளால் வரிசையாக வரைந்தார். பின்னர் வண்ணப்பரப்புகளாலான அருவ ஓவியத்தில் ஈடுபட்டார், 2008இல் மறைந்தார். அவர்தம் கோட்டோவியம் உருவத்தைக் காட்டுவதேயாயினும், முகத்தின் ஒரு பகுதியில் கோடுகள் திரண்டு பின்னி, உருவத்தை விட்டுத் தம் விசையில் ஓடத் தொடங்குதலைக் காணலாம். அருவம் உருவத்தினுள்ளேயே கருக்கொள்ளும் இடம் அதுவாகும்.

தமிழிலக்கியத்தோடு ஆதிமூலத்திற்கு உள்ள உறவு ஏல நிறுவனத்தார் அறிந்ததனினும் பெரிது. சிற்றிதழ்களிலும் நூல் முகப்புகளிலும் அவர் வரைந்தார். கரிசல் நாட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கும் அவர் கோடு துணைநின்றது. ஆகவே ஏலத்தில் விற்பது மூலம். தமிழ் வாசகர் கையில் நெடுங்காலமாக இருப்பது படி. மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாடு பாடபேதம் ஆராய்ந்தார்க்குப் புதிதன்று. படி எங்கும் பரவிப் பாடலை வாழவைக்கும். மூலம் ஐயம் தீர்க்கும். ஓவியத்தில் மூலத்தின் தேவை இன்னும் மிகுதி. பேனாமுனை அழுந்திய ஆழம், தாள் மையை உறிஞ்சிய அளவு, திருத்திய தடம் ஆகியவை அச்சில் வாரா. ஆதலின் மூலம் எங்குளது என்று அறிந்து வைத்தலும், படிகள் எவ்வெவ்விதழில் உள என்று தொகுத்தலும் ஒருங்கே செய்யத்தக்கன.

விலையின் பயனும் எல்லையும்

இதுகாறும் கூறியவற்றால் விலையை யாம் இகழ்ந்தோம் என்று கொள்ளற்க. விலையற்ற பொருள் எவ்வாறு அழியும் என்பதற்கு இந்நாடே சான்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற டாக்டர் ஐயர், அவை முன்னரே தீயிலிடப்பட்டன என்று கேட்டு வருந்தியதைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதே ஐயர் ஆழ்வார்திருநகரியில் கவிராயர் இல்லங்களில் தேடிப் பத்துப்பாட்டு ஏட்டைப் பெற்றார். 1889இல் பத்துப்பாட்டு அச்சாயிற்று. நாம் மேலே எடுத்துக்காட்டிய நெடுநல்வாடை அத்தொகுப்பினது. தாமிரபரணிக் கரையின் ஓர் இல்லம் பேணியதனால் அரசியின் மேற்கட்டி ஓவியத்தை நாம் கற்கிறோம்.

ஏலத்தில் விலைபெற்ற தாள் தீயிலிடப்படாது. அதற்கு அமிலமற்ற அட்டையும் ஈரம் புகா அறையும் கிடைக்கும். ஆயினும் அது பேழையுள் அடைபட்டுவிடக்கூடும்; ஒரு முதலீட்டிலிருந்து மற்றொரு முதலீடாய் எவரும் காணாமலே கைமாறக்கூடும். ஒளி தாளைக் கெடுக்குமாதலின் அருங்காட்சியகங்களும் தாள்வரைவை ஏறத்தாழ 50 லக்ஸ் என்னும் மங்கிய ஒளியிலேயே, அதுவும் சில திங்களே, காட்சிக்கு வைக்கும். திருவனந்தபுரத்தில் பணிக்கர் பெயரால் அமைந்த ஓவியக்கூடம் போன்ற பொது இடங்களே கற்போர்க்குப் பெருந்துணை.

சட்டத்திலும் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகுமிடத்து, அதன் முதல் உரிமையாளராய் இருந்த ஓவியர்க்கோ அவர்தம் வழியினர்க்கோ விலையில் ஒரு பங்கு உண்டு என்று கூறுகின்றது. அப்பங்கு நூற்றுக்குப் பத்தின் மேற்படாது. அப்பிரிவு ஓவியத்தோடு நிற்கவில்லை. இலக்கியப் படைப்பின் மூலக் கையெழுத்துப்படியையும் அதனுடனே சேர்த்துக் கூறுகின்றது. கவிஞரின் கையெழுத்துத் தாளும் ஓவியரின் மைத்தாளும் ஓரினம் என்பதைச் சட்டம் உடன்பட்டுள்ளது. தமிழ்த் துறைகள் அதனை உடன்பட இன்னும் தயங்குகின்றன.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. ஏலத்தொகை விருப்பின் போட்டியை அளக்குமேயன்றி ஓவியத்தின் நோக்கினை அளக்காது. படிக்கவியலா எழுத்தைக் கொண்ட ஓவியமும் ஆராயத்தக்கதே. அதற்குச் சித்திரகவி, புனையா ஓவியம், நோக்கு ஆகிய நம் கருத்துகள் கருவியாகும். தாள் அழியுமுன் அதனை விளக்கமாகப் பதிவுசெய்தல் ஏடு தேடிய தலைமுறையின் வழிவந்தோர்க்குக் கடனாகும்.

பெரியம்மையாருக்கு யாம் பின்னர்ச் சொல்லிய விடையை இங்குக் குறித்து முடிப்போம். இத்தாள்களுக்கு ஏலத்தில் விலை வாராது என்பதை மறையாமல் கூறினோம். பெரியப்பா வரைந்தவற்றுள் பெரும்பாலானவை பயிற்சித் தாள்களே. ஆற்றுமணலை வரைய முற்பட்டு, மணலும் ஆறும் மறைந்து கோடுகள் மட்டும் எஞ்சிய மூன்று தாள்களில் நோக்கு உள்ளது என்றோம். அவற்றையும், சிற்றிதழ்களையும், மை கரைந்த குறிப்பேடுகளையும் மை உறிஞ்சும் தாள்களின் இடையே வைத்து உலர்த்தி, ஒவ்வொன்றிற்கும் நீளம், அகலம், மை, ஆண்டு, சிதைவு ஆகியவற்றை ஏட்டு விளக்க முறையில் எழுதிப் பட்டியலொன்று செய்தோம். பெரியம்மையார் அப்பட்டியலைப் பெட்டியின் மூடியினுட்புறம் ஒட்டச் சொன்னார். பெட்டியையும் இம்முறை பரணில் ஏற்றச் செய்தார்.

இத்தகைய பெட்டிகள் இவ்வாற்றங்கரை ஊர்களில் இன்னும் பல இருத்தல் கூடும். முதுகலை மாணவர் அவற்றைத் தேடிச் செல்வாராக. கண்டவற்றை விளக்கி எழுதுவாராக. அடுத்த மழைக்கு முன் அது நிகழ்தல் வேண்டும்.